ஹாக்கி மந்திரவாதி மேஜர் தயான்சந்த்



இந்த மாதச் சுவர் இதழின் விளையாட்டுப் பகுதிக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி தமிழ் ஐயா என்னிடம் சொன்னார். நான் நம் பள்ளி ஹாக்கி அணியின் கோல்கீப்பர். அதனால் யாரைப் பற்றி எழுதுவது என்று ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் தயான்சந்த் எங்கே பிறந்தார், எத்தனை கோல் போட்டார் என்று பட்டியல் போட்டுவிட்டு முடிக்க எனக்கு மனசு வரவில்லை. நம்ம அகரத்தில் ஹாக்கி பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். கூட்டமெல்லாம் கிரிக்கெட்டுக்குத்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் பேரும் ஒன்றாகக் கூடிவிட்டால் போதும், வாக்குவாதச் சத்தம் குடகனாறு வரைக்கும் கேட்கும். அந்த வாக்குவாதங்களுக்குத் தயான்சந்தின் வாழ்க்கையில் பதில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். கிடைத்ததை எழுதுகிறேன்.

மூன்று சண்டைகள்

சண்டைகள் மொத்தம் மூன்று.

முதல் சண்டை கோச் பற்றியது. ஜெயித்தால் ஆட்டக்காரர்கள் ஜெயித்தார்கள் என்கிறோம். தோற்றால் கோச்சைத் திட்டுகிறோம். உண்மையில் கோச் அவ்வளவு முக்கியமா?

இரண்டாவது சண்டை கோல்கீப்பர் பற்றியது. கோல் போட்டவன் பேர் எல்லாருக்கும் தெரியும். கோலைத் தடுத்தவன் பேர் யாருக்குத் தெரியும்? நம் மைதானத்தில்கூட ஓட முடியாதவனைத்தானே கொண்டுபோய் கோலில் நிறுத்துகிறோம்!

மூன்றாவது சண்டைதான் பெரிய சண்டை. நாக்-அவுட் ஆட்டங்களில் விதிமுறை நியாயமாக இருக்கிறதா? 2024 பாரிஸ் ஒலிம்பிக் கால் இறுதியில் பிரிட்டனுக்கு எதிராக நம் அமித் ரோஹிதாசுக்குச் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பினார்கள். 40 நிமிடத்துக்கும் மேல் நாம் 10 பேரோடு ஆடினோம். ஆட்டம் 1-1. அப்புறம் ஷூட்-அவுட்டில் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் காப்பாற்ற, 4-2 என்று ஜெயித்தோம். ஆனால் அரை இறுதியில் ஆட ரோஹிதாசுக்குத் தடை. ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றோம். அது நியாயமா, இல்லையா என்று எங்கள் பக்கத்து அண்ணன்கள் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள்.

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு இனி வரலாற்றைப் படியுங்கள்.

சிறு வயது

தயான்சந்த் 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் தேதி அலகாபாத்தில் பிறந்தார். இயற்பெயர் தயான் சிங். அப்பா பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் வேலை பார்த்தார். அவரும் ராணுவ அணியில் ஹாக்கி ஆடியவர்தான். ராணுவ வேலை என்றால் தெரியுமே, இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர். அடிக்கடி மாற்றல். அதனால் பையனின் படிப்பு ஆறு வகுப்போடு நின்றுபோயிற்று. கடைசியில் குடும்பம் ஜான்சி நகரத்தில் நிலையாகத் தங்கியது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சின்ன வயதில் தயான்சந்துக்கு ஹாக்கி மேல் அப்படி ஒன்றும் பைத்தியம் கிடையாது. அவருக்குப் பிடித்தது மல்யுத்தம். ராணுவத்தில் சேருவதற்கு முன்னால் ஹாக்கியைப் பெரிதாக ஆடியதாகத் தனக்கு ஞாபகம் இல்லை என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பிறவியிலேயே மேதை, தொட்டிலிலேயே ஸ்டிக் பிடித்தார் என்றெல்லாம் நாம் கதை கட்டிவிடுகிறோம். அது உண்மை இல்லை.

கற்றுக்கொடுத்தவர்

1922-ஆம் ஆண்டு டெல்லியில் முதலாம் பிராமண ரெஜிமெண்டில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். அங்கே சுபேதார் மேஜர் பாலே திவாரி என்பவர் இருந்தார். ஹாக்கி என்றால் அவருக்கு உயிர். அவர்தான் இந்தப் பையனை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், ஸ்டிக்கைக் கையில் கொடுத்து, பந்தை எப்படி ஒட்டவைத்துக்கொண்டு ஓடுவது, எப்போது அடுத்தவனுக்குத் தள்ளிவிடுவது என்று அ, ஆவில் இருந்து சொல்லிக்கொடுத்தார்.

ராணுவ முகாமில் ஆட்டத்துக்கு என்று குறிப்பிட்ட நேரம் கிடையாது. வேலை இல்லாத நேரம் எல்லாம் ஆட்டம்தான். பகலில் டியூட்டி இருந்தால் ராத்திரி நிலா வெளிச்சத்தில் தனியாகப் பயிற்சி செய்வாராம். சந்த் என்றால் இந்தியில் நிலா. அதனால்தான் தயான் சிங் என்ற பெயர் தயான்சந்த் ஆனது என்று சொல்வார்கள்.

தயான்சந்தை உலகத்துக்கே தெரியும். பாலே திவாரியை எத்தனை பேருக்குத் தெரியும்? இதைப் படிப்பதற்கு முன்னால் நம் பள்ளியில் யாராவது அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருந்தால் கையைத் தூக்குங்கள், பார்க்கலாம்! முதல் சண்டைக்கான பதிலில் பாதி இங்கேயே கிடைத்துவிட்டது.

நியூசிலாந்துப் பயணம்

1926-ஆம் ஆண்டு இந்திய ராணுவ ஹாக்கி அணி நியூசிலாந்துக்குப் போனது. தயான்சந்தும் போனார். அங்கே 21 ஆட்டங்கள். 18 வெற்றி, 2 டிரா, ஒரே ஒரு தோல்வி. அடித்த கோல்கள் 192, வாங்கிய கோல்கள் 24. திரும்பி வந்ததும் சிப்பாய் தயான்சந்த் லான்ஸ் நாயக் ஆனார். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்ட பையன், கப்பல் ஏறிப் போய் பேரோடு திரும்பி வந்தார். அவருக்கு அது முதல் படி.

1928: ஆம்ஸ்டர்டாம்

அடுத்து ஒலிம்பிக் வந்தது. அணியைத் தேர்ந்தெடுக்க 1928-இல் கல்கத்தாவில் முதல்முறையாக மாகாணங்களுக்கு இடையே போட்டி வைத்தார்கள். ஐக்கிய மாகாணம், பஞ்சாப், வங்காளம், ராஜபுதனம், மத்திய மாகாணம் என ஐந்து அணிகள். நம் சென்னை மாகாணம் அதில் இல்லை. தயான்சந்த் ஐக்கிய மாகாணத்துக்கு ஆடினார். அந்த அணிதான் கோப்பையை வென்றது. ஒலிம்பிக் அணியிலும் அவருக்கு இடம் கிடைத்தது.

கேப்டன் ஜெய்பால் சிங். ஆக்ஸ்போர்டில் படித்தவர், பிற்காலத்தில் ஜார்க்கண்ட் பழங்குடி மக்களுக்காகப் போராடிய தலைவர். போட்டி முடிவதற்கு முன்பே அவர் அணியை விட்டு விலகிவிட்டார். இறுதி ஆட்டத்தில் எரிக் பின்னிகர் கேப்டனாக இருந்தார்.

இப்போது விதிமுறையைப் பாருங்கள். மொத்தம் 9 அணிகள், இரண்டு பிரிவு. ஒரு பிரிவில் 5, இன்னொன்றில் 4. பிரிவில் முதலிடம் பிடிப்பவர்கள் நேராக இறுதி ஆட்டத்துக்குப் போகலாம். நாம் 5 அணி உள்ள பிரிவில் இருந்தோம். ஆகவே நாம் 4 ஆட்டம் ஆடிவிட்டு இறுதிக்கு வந்தோம். எதிரணி நெதர்லாந்து 3 ஆட்டம் ஆடிவிட்டு வந்தது. அதுவும் அவர்கள் சொந்த ஊரில், சொந்த ஜனங்கள் முன்னால்! நம் அணியில் சிலருக்கு உடம்பு சரியில்லை. தயான்சந்துக்கும் உடல்நலம் இல்லை. இன்றைக்கு இப்படி நடந்தால் நாம் என்னென்ன பேசுவோம்! அவர்கள் ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். மே 26-ஆம் தேதி நடந்த அந்த ஆட்டத்தில் 3-0 என்று ஜெயித்துத் தங்கப் பதக்கம் வாங்கினார்கள்.

ஆஸ்திரியா 6-0, பெல்ஜியம் 9-0, டென்மார்க் 5-0, சுவிட்சர்லாந்து 6-0, நெதர்லாந்து 3-0. கூட்டினால் 29 கோல். அதில் 14 தயான்சந்த் போட்டது. எல்லாப் புத்தகத்திலும் இந்த 14 இருக்கும். ஆனால் வலது பக்கம் இருக்கும் ஐந்து பூஜ்யங்களை யாரும் பார்ப்பதில்லை. அந்தப் பூஜ்யங்களின் சொந்தக்காரர் ரிச்சர்ட் ஆலன். நாக்பூரில் பிறந்த ஆங்கிலோ இந்தியர். நம் அணியின் கோல்கீப்பர். ஐந்து ஆட்டத்தில் ஒரு கோல்கூட உள்ளே விடவில்லை. ஹெல்மெட் கிடையாது, இன்றைக்கு இருக்கிற மாதிரி உடம்பு முழுக்க மூடும் கவசமும் கிடையாது.

திண்டுக்கல் பூட்டுக்குப் பேர் போன மாவட்டத்தில் பிறந்துவிட்டு நாம் பூட்டை மறக்கலாமா? வீட்டுக்குள்ளே எவ்வளவு சம்பாதித்துச் சேர்த்தாலும் கதவுக்குப் பூட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஆலன்தான் அந்த அணிக்குத் திண்டுக்கல் பூட்டு.

1932: லாஸ் ஏஞ்சல்ஸ்

ஊருக்குத் திரும்பியதும் தயான்சந்தை வடமேற்கு எல்லையில் வஜீரிஸ்தானுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே மலையும் காவலும்தான், ஹாக்கி இல்லை. 1932 ஒலிம்பிக்குக்கு மறுபடியும் மாகாணப் போட்டி மூலம் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ராணுவம் அவருக்கு லீவு தரவில்லை. ஆனால் ஹாக்கி சம்மேளனம் தேர்வு ஆட்டம் எதுவும் இல்லாமலேயே அவரை அணியில் சேர்த்துக்கொண்டது. முந்தைய ஒலிம்பிக்கில் ஆடிய மற்றவர்கள் எல்லாரும் தேர்வு ஆட்டத்தில் ஆடித்தான் இடம் பிடிக்க வேண்டியிருந்தது. அவருடைய தம்பி ரூப் சிங்கும் ஆடிக் காட்டித்தான் உள்ளே வந்தார்.

இது நியாயமா? எனக்கு இதில் இரண்டு மனசு. லீவு கிடைக்காதது அவர் தப்பு இல்லை. அதே சமயம் தேர்வு ஆட்டத்தில் இடம் பறிபோன ஒருவரின் பக்கம் நின்று பார்த்தால் வலிக்கத்தான் செய்யும். நமக்குப் பிடித்த ஆட்டக்காரருக்குச் சலுகை கிடைக்கும்போது நாம் நியாயம் பேசுவதே இல்லை. இதையும் ஒத்துக்கொள்ளத்தானே வேண்டும்?

லாஸ் ஏஞ்சல்சுக்கு வந்தவை மூன்றே அணிகள். இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. நாம் ஜப்பானை 11-1 என்றும், அமெரிக்காவை 24-1 என்றும் தோற்கடித்தோம். ஆம், இருபத்து நான்குதான், எழுத்துப் பிழை இல்லை! அந்த ஆட்டத்தில் ரூப் சிங் 10 கோல், அண்ணன் 8 கோல். அமெரிக்கா ஜப்பானிடமும் 2-9 என்று தோற்றது. ஆனாலும் வந்தது மூன்று அணி, பதக்கமும் மூன்று. ஆகவே ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத அமெரிக்காவுக்கு வெண்கலப் பதக்கம். விதிமுறைப்படி சரி. நியாயப்படி? நீங்களே சொல்லுங்கள். கடல் தாண்டி வரக் காசில்லாமல் எத்தனை நாட்டு அணிகள் வீட்டிலேயே இருந்தனவோ! நம் அணியே போகும் வழியில் காட்சி ஆட்டங்கள் ஆடிப் பணம் திரட்டித்தான் போய்ச் சேர்ந்தது.

அமெரிக்கா போட்ட அந்த ஒரு கோலுக்கும் ஒரு கதை உண்டு. ஆட்டம் ஒரு பக்கமாகவே போய்க்கொண்டிருந்ததால், கோலில் நின்ற ரிச்சர்ட் ஆலன் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். அந்தச் சமயத்தில் பந்து உள்ளே போய்விட்டதாம்! சிரிப்பு வருகிறது இல்லையா? ஆனால் கோலில் நிற்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு பாடம் தெரிகிறது. ஒரு மணி நேரம் பந்தே வராது. வருகிற ஒரு நொடியில் நாம் அங்கே இருக்க வேண்டும். சும்மா நிற்கிற வேலைதானே என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் வந்து நின்று பார்க்கட்டும்.

அவருக்குப் பிடித்த ஆட்டம்

தயான்சந்த் தன் வாழ்க்கையிலேயே சிறந்த ஆட்டம் என்று சொன்னது எதைத் தெரியுமா? ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தை அல்ல. 1933-இல் கல்கத்தாவில் நடந்த பெய்ட்டன் கோப்பை இறுதி ஆட்டத்தைத்தான். அவர் சொந்த ஊர் அணியான ஜான்சி ஹீரோஸ் ஒரு பக்கம், பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் நிறைந்த கல்கத்தா கஸ்டம்ஸ் மறுபக்கம். ஜான்சி அணியில் அண்ணன் தம்பி இருவரையும் இஸ்மாயிலையும் தவிர மற்றவர்கள் பேர் பெறாத இளைஞர்கள்.

ஆட்டம் முழுக்க கஸ்டம்ஸ் அணிதான் நெருக்கிக்கொண்டே இருந்தது. திடீரென்று தயான்சந்த் நடு மைதானத்தில் இருந்து ஒரு நீளமான பாஸ் கொடுத்தார். இஸ்மாயில் அதைப் பிடித்துக்கொண்டு பாதி மைதானம் ஓடினார். பந்தை யார் எடுப்பது என்று எதிரணி கோல்கீப்பருக்கும் லெஃப்ட் ஹாஃபுக்கும் நடுவே ஒரு நொடி குழப்பம். அவ்வளவுதான், கோல்! 1-0. கோப்பை ஜான்சிக்கு.

கவனித்தீர்களா? உலகத்திலேயே அதிகம் கோல் போட்டவர் என்று நாம் கொண்டாடும் மனிதர், தான் கோல் போடாத, பாஸ் மட்டும் கொடுத்த ஆட்டத்தைத்தான் சிறந்தது என்று நினைத்தார்.

1936: பெர்லின்

மூன்றாவது ஒலிம்பிக்கில்தான் அவர் கேப்டன் ஆனார். சிப்பாயாகச் சேர்ந்த 14 வருஷத்துக்குப் பிறகு!

ஆரம்பமே அடி. போட்டி தொடங்கும் முன் ஜூலை மாதம் ஜெர்மனியோடு ஒரு பயிற்சி ஆட்டம். 1-4 என்று இந்தியா தோற்றது. தயான்சந்துக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. ஆனால் நடுவர் சரியில்லை, மைதானம் சரியில்லை என்று அவர் சாக்குச் சொல்லவில்லை. ஆடத் தெரியாதவளுக்குத் தெரு கோணல் என்று நம்ம ஊரில் பழமொழி சொல்வார்களே, அந்த ரகம் இல்லை அவர். முன்வரிசையில் எங்கே ஓட்டை என்று பார்த்தார்கள். உடனே இந்தியாவுக்குத் தந்தி அடித்து, தாரா என்ற ஆட்டக்காரரை அனுப்பச் சொன்னார்கள். தாரா விமானத்தில் பறந்து வந்து அரை இறுதிக்கு முன்னால் சேர்ந்துகொண்டார்.

இன்றைக்கு இருப்பதுபோல் கோச், துணை கோச், கோல்கீப்பர் கோச், வீடியோ பார்க்க ஒருவர் என்று அன்று ஒரு கூட்டம் கிடையாது. மேனேஜர்களும் கேப்டனும் உட்கார்ந்து பேசி முடிவு எடுத்தார்கள். ஆனால் தோல்வியைப் பார்த்து, காரணத்தைக் கண்டுபிடித்து, மாற்றிக் காட்டினார்கள் அல்லவா? அதுதான் கோச் செய்கிற வேலை. அந்த வேலையைச் செய்ய யாராவது ஒருவர் எப்போதும் வேண்டும்.

இங்கேயும் விதிமுறைக் கூத்து உண்டு. 11 அணிகள், மூன்று பிரிவு. அரை இறுதிக்கோ நான்கு அணி வேண்டும்! நம் பிரிவில் ஹங்கேரியை 4-0, அமெரிக்காவை 7-0, ஜப்பானை 9-0 என்று வென்று நாம் முதலிடம். நம் பிரிவில் இரண்டாவதாக வந்த ஜப்பானுக்கு அரை இறுதி இல்லை. இன்னொரு பிரிவில் இரண்டாவதாக வந்த பிரான்சுக்கு உண்டு. ஜப்பான்காரர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். இந்தச் சிக்கல் இன்றும் தீரவில்லை. 2025-இல் சென்னையிலும் நம் பக்கத்து மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் 24 அணிகள், ஆறு பிரிவு. கால் இறுதிக்கு எட்டு அணி வேண்டும் என்பதால், இரண்டாவதாக வந்த ஆறு அணிகளில் சிறந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மற்ற நான்கு அணிகளும் இரண்டாவது இடம் பிடித்தும் வெளியே போயின.

பிரான்சை 10-0 என்று வென்று இறுதிக்கு வந்தோம். எதிரே ஜெர்மனி, அதே ஜெர்மனி. மழையால் ஒரு நாள் தள்ளிப்போய் ஆகஸ்டு 15-ஆம் தேதி ஆட்டம் நடந்தது. தேதியைப் பாருங்கள்! நாம் சுதந்திரம் அடைவதற்குச் சரியாக 11 வருஷம் முன்னால். மைதானத்தில் பிரிட்டிஷ் இந்தியாவின் கொடிதான் பறந்தது. ஆனால் ஆடப் போகும் முன் உடை மாற்றும் அறையில், அணியோடு சென்ற பங்கஜ் குப்தா காங்கிரஸ் மூவர்ணக் கொடியை எடுத்துக் காட்ட, எல்லாரும் அதற்கு வணக்கம் செலுத்திவிட்டு வெளியே வந்தார்கள்.

ஈர மைதானம். கால் வழுக்கியது. இடைவேளையில் 1-0 மட்டுமே. அப்புறம் தயான்சந்த் ஆணி வைத்த பூட்சைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஆடினார் என்பார்கள். இரண்டாம் பாதியில் கோல் மழை. ஜெர்மனி கோல்கீப்பர் மோதியதில் தயான்சந்தின் பல் ஒன்று உடைந்ததாகவும், முதலுதவி முடிந்து திரும்பியதும் அவர் பழிவாங்க நினைக்காமல், பந்தைக் கோல் வரைக்கும் கொண்டுபோய் அடிக்காமலேயே திருப்பிக் கொண்டுவரும்படி தன் ஆட்களுக்குச் சொன்னதாகவும் ஒரு கதை இருக்கிறது. கோபத்துக்கு அவர் கொடுத்த பதில் அதுதான்.

முடிவு 8-1. மூன்றாவது தங்கம். அந்த ஒலிம்பிக் முழுவதிலும் நாம் வாங்கிய ஒரே கோல் இறுதி ஆட்டத்தில் வாங்கியதுதான். கோலில் நின்றவர் யார்? அதே ரிச்சர்ட் ஆலன்! அவருக்கும் அது மூன்றாவது தங்கம்.

ஒரு கணக்கு

நோட்டை எடுத்துக் கணக்குப் போடுங்கள். மூன்று ஒலிம்பிக்கிலும் சேர்த்து இந்தியா ஆடிய ஆட்டம் 12. அடித்த கோல் 29 + 35 + 38 = 102. வாங்கிய கோல் 0 + 2 + 1 = 3.

102 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் தயான்சந்தும் ரூப் சிங்கும் தெரிவார்கள். 3 என்ற எண்ணைப் பார்த்தால்தான் ஆலனும் அவர் முன்னால் நின்ற பின்வரிசைக்காரர்களும் தெரிவார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அணி தெரியும்.

பிற்காலம்

அப்புறம் உலகப் போர் வந்தது. 1940, 1944 ஒலிம்பிக் இரண்டும் நடக்கவில்லை. அதற்கு எந்த நடுவரிடம் போய் முறையிடுவது? 1948-இல் லண்டன் ஒலிம்பிக் நடந்தபோது அவருக்கு 42 வயது. அதற்குச் சற்று முன்னால் இந்திய அணியோடு கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் ஆடிவிட்டு வந்தார். ஒலிம்பிக்கில் அவர் இல்லை.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1928, 1932, 1936 மூன்றிலும் பிரிட்டன் ஹாக்கி அணியை அனுப்பவே இல்லை. அதனால் அந்தத் தங்கம் மூன்றும் முழுத் தங்கமா என்று கேட்கிறவர்கள் உண்டு. பதில் 1948-இல் கிடைத்தது. சுதந்திர இந்தியா லண்டனிலேயே பிரிட்டனை இறுதி ஆட்டத்தில் 4-0 என்று வென்றது. தந்தி கொடுத்து வரவழைத்தார்களே தாரா, அவர் அந்த ஒலிம்பிக்கில் பாகிஸ்தான் அணிக்குக் கேப்டன். நாடு இரண்டானபோது அணியும் இரண்டானது.

1952-இல் தயான்சந்தின் சுயசரிதை வெளிவந்தது. பெயர் கோல். அதை வெளியிட்டது நம் சென்னையில் இருந்து வந்த ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம் பத்திரிகை. மாகாணப் போட்டியில் இடம்பெறாத சென்னை, அவர் வாழ்க்கையை அச்சில் ஏற்றிக் கொடுத்தது. 1956-இல் மேஜர் பதவியோடு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டு பத்மபூஷண் விருது கிடைத்தது. பிறகு பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தில் தலைமை ஹாக்கி கோச்சாக இருந்தார். பாலே திவாரி தனக்குச் செய்ததை அவர் மற்றவர்களுக்குச் செய்தார்.

ஆனால் தன் மகன் அசோக் குமார் ஹாக்கி ஆடுவதை அவர் விரும்பவில்லை. இந்த ஆட்டம் சோறு போடாது, படித்து வேலைக்குப் போ என்று தடுத்ததாக அசோக் குமார் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படிக்கும்போது எனக்கு மனசு கனத்துப் போயிற்று. நம் வீடுகளிலும் இதே பேச்சுதானே! மூன்று தங்கம் வாங்கியவர் வீட்டிலும் இதே பேச்சுதான் என்றால், நம் அப்பா அம்மா மேல் கோபப்பட முடியுமா? ஆனாலும் அசோக் குமார் ஆடினார். 1975-இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக வெற்றி கோல் போட்டது அவர்தான். 2-1.

அடுத்த வருஷமே மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் முதல்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஹாக்கி நடந்தது. புல்லில் ஆடிப் பழகிய இந்தியா ஏழாவது இடத்துக்குப் போனது. அதையும் தயான்சந்த் உயிரோடு இருந்து பார்த்தார்.

1979 டிசம்பர் 3-ஆம் தேதி, டெல்லி அகில இந்திய மருத்துவக் கழக மருத்துவமனையில், கல்லீரல் புற்றுநோயால் அவர் காலமானார். சேர்த்திருந்தது பொது வார்டில். உடலை ஜான்சிக்குக் கொண்டுபோய், ஜான்சி ஹீரோஸ் மைதானத்திலேயே தகனம் செய்தார்கள். அடுத்த ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில் நம் தமிழ்நாட்டு வீரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா மறுபடியும் தங்கம் வென்றது. எட்டு மாதம் இருந்திருந்தால் அவர் பார்த்திருப்பார்.

இன்று அவர் பிறந்த ஆகஸ்டு 29 தேசிய விளையாட்டு தினம். டெல்லி தேசிய மைதானத்துக்கு 2002-இல் அவர் பெயரை வைத்தார்கள். 2021-இல் நாட்டின் உயர்ந்த விளையாட்டு விருதான கேல் ரத்னாவும் அவர் பெயருக்கு மாறியது.

சண்டைக்குத் தீர்ப்பு

இனி என் தீர்ப்பு. ஒத்துக்கொள்ளாதவர்கள் அடுத்த இதழில் எழுதலாம்.

கோச் முக்கியமா? முக்கியம்தான். பாலே திவாரி இல்லாவிட்டால் ஒரு நல்ல மல்யுத்த வீரர் கிடைத்திருப்பார், தயான்சந்த் கிடைத்திருக்க மாட்டார். ஆனால் கோச் சொல்லிக்கொடுத்ததை நிலா வெளிச்சத்தில் பழகியது தயான்சந்த். இரண்டு கையும் சேர்ந்தால்தான் ஓசை.

கோல்கீப்பர் முக்கியமா? 3 என்ற எண்ணே சாட்சி. நான் கோல்கீப்பர் என்பதால் சொல்லவில்லை. பாரிசில் நம்மைக் காப்பாற்றிய ஸ்ரீஜேஷ்தான் 2025 ஜூனியர் உலகக் கோப்பையில் நம் அணிக்குக் கோச். அந்தப் பையன்கள் வெண்கலம் வாங்கினார்கள். மைதானம் முழுவதையும் ஆட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டே நிற்கிறவன் கோல்கீப்பர்தான். ஆட்டத்தைப் படிக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

விதிமுறை நியாயமா? சில சமயம் இல்லை. 1928-இல் இல்லை, 1932-இல் இல்லை, 1936-இல் இல்லை, இன்றும் முழுசாக இல்லை. அதைப் பேசத்தான் வேண்டும். பேசாவிட்டால் எதுவும் மாறாது. ஆனால் நாம் தோற்கும்போது மட்டும் பேசினால் அது நியாயம் இல்லை, வெறும் புலம்பல். நாம் ஜெயித்தபோது வெளியே போன ஜப்பானுக்காகவும் பேசினால்தான் அது நியாயம். ஆட்டத்துக்கு முன்னால் விதியைப் படி, ஆட்டத்தில் முழுசாக ஆடு, ஆட்டம் முடிந்தபின் கேள்வி கேள். தயான்சந்தின் வாழ்க்கையில் நான் கண்ட வரிசை இதுதான்.

நண்பர்களே, ஒரு வேண்டுகோள். இனி நம் பள்ளி அணி எந்த ஆட்டத்தில் ஜெயித்தாலும், இந்தச் சுவரில் கோல் போட்டவர் பெயரை மட்டும் எழுத வேண்டாம். ஆடிய 11 பேர், உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரர்கள், வெயிலில் நின்று கத்திக்கொண்டிருந்த பி.டி. சார் எல்லார் பெயரையும் எழுதுவோம். தாள் போதாவிட்டால் இன்னொரு தாள் ஒட்டுவோம்.

சிந்தனைக்கு மூன்று கேள்விகள்
1. தயான்சந்துக்கு ஹாக்கி கற்றுக்கொடுத்தவர் யார்?
2. மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கிய கோல்கீப்பர் யார்?
3. ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் வெண்கலம் வாங்கிய நாடு எது?
விடைகள் இந்தத் தாளிலேயே இருக்கின்றன. தேடிக் கண்டுபிடியுங்கள்!

– பள்ளி ஹாக்கி அணி கோல்கீப்பர், 10-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு